தன் ஒலி தனக்குக் கேளாத மேடை



மேடையேறிக் கவிதை படித்தவர் அனைவரும் அறிந்த துன்பம் ஒன்று உண்டு. கவிஞர் ஒலிவாங்கியின் முன் நிற்கிறார். முதல் அடியைச் சொல்கிறார். அவர் குரல் அரங்கின் கடைசி வரிசைவரை போய்ச் சேர்கிறது. அவருக்கு மட்டும் திரும்பி வருவதில்லை. குரல் உரத்திருக்கிறதா தாழ்ந்திருக்கிறதா, சீர் இசைந்ததா இடறியதா என்பது அவருக்கே தெரியாமற் போகிறது. கேட்க வந்தவர்க்கெல்லாம் கேட்கும் குரல், உரியவர்க்குக் கேளாதிருப்பது விந்தையான துன்பம்தான். கவிஞருக்கு இது சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. இசைக்கருவியையே வாழ்வாகக் கொண்ட ஒருவர்க்கு இதுவே ஆண்டுக்கணக்கில் நீடித்தால் என்ன ஆகும்?

இவ்வுரை அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றியது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 1943-இல் பிறந்து, பீட்டில்ஸ் என்னும் நால்வர் குழுவில் முதன்மைக் கிதார் வாசித்த ஜார்ஜ் ஹாரிசனே அவர். உலகம் முழுதும் கேட்ட கிதார் அவருடையது. ஆயினும் புகழின் உச்சியில் இருந்த சில ஆண்டுகள், மேடையில் அது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. அந்தக் கேளாமையை அவரும் தோழர்களும் எவ்வாறு சமாளித்தனர், சமாளித்ததனாலேயே எதை இழந்தனர், இழந்ததை அவர் எங்கே தேடிச் சென்றார் என்பன கவிதை எழுதுவோரும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

மின்கிதாரின் இயல்பை முதலில் சொல்லிவிட வேண்டும். வயிறு குடைந்த மரக்கிதார் தன் ஒலியைத் தானே எழுப்பிக்கொள்ளும். மார்போடு அணைத்து வாசிப்பவர்க்கு அவ்வொலி செவி வழியாகவும் வரும்; விலாவெலும்பு வழியாகவும் வரும். மின்கிதாரில் தந்தியின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த சிறு கருவி மின்னோட்டமாக மாற்றுகிறது. அது ஒரு வடத்தின் வழியே சென்று, வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் பெருகி ஒலியாக வெளிப்படுகிறது. கை ஓரிடத்தில், ஒலி வேறோரிடத்தில். இரண்டுக்கும் இடைப்பட்ட வெளிதான் அவருடைய மேடை. அந்த வெளி ஊருக்கு ஊர் மாறும்.

பலகைத் தளத்தின் அடியில் வெற்றிடம் இருந்தால் தாழ்ந்த சுரங்கள் முழங்கிப் பருக்கும். பின்புறம் கற்சுவர் இருந்தால் உச்ச சுரங்கள் கூர்மையாகித் தெறிக்கும். கனத்த திரைச்சீலை தொங்கினால் அவை மங்கும். மாலையில் வெற்றரங்கில் ஒத்திகை பார்த்து வைத்த அளவு, இரவில் மக்கள் நிறைந்ததும் பொருந்தாது. மனித உடலும் உடுத்திய துணியும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும்.

தொலைவும் ஏமாற்றும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். பெட்டியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்பவர்க்கு நொடியில் நூற்றிலொரு பங்கு தாமதம். அது தெரியவே தெரியாது. நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள சுவரில் மோதித் திரும்பும் ஒலிக்கோ அரை நொடிக்கு மேல் தாமதம். நிமிடத்துக்கு 120 தட்டுகள் கொண்ட பாட்டில் இரு தட்டுகளின் இடைவெளியே அரை நொடிதான். அப்படிப்பட்ட திடலில் திரும்பி வரும் ஒலியை நம்பி வாசிப்பவர், சென்ற தட்டையே நிகழும் தட்டாகக் கொண்டு வழுக்குவார். புதிய மேடையில் இசைஞருக்கு முதற்பகை இதுவே.

மேடையில் இசைஞர் ஒருவரையொருவர் கேட்பது எத்துணை இன்றியமையாதது என்பதைத் தமிழ் படித்தவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. சிலம்பின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என அளந்து காட்டுகிறது. கோல் என்பது 24 விரல். அவ்வரங்கில் குழலைப் பின்பற்றி யாழும், யாழைப் பின்பற்றித் தண்ணுமையும், அதனைப் பின்பற்றி முழவும் நிற்கின்றன. தண்ணுமை ஆசிரியனுக்கு இளங்கோவடிகள் விதிக்கும் தகுதி இன்னும் நுட்பமானது. யாழும் குழலும் பாடுவோர் மிடறும் கேட்கும்படி, தன் ஒலியை வேண்டுமிடத்தில் பெருக்கியும் வேண்டாவிடத்தில் அடக்கியும் அவன் வாசிக்க வேண்டும். ஒருவர் ஒலி மற்றவர் ஒலியை விழுங்கலாகாது என்ற அறம் அங்கே இலக்கணமாகவே நிற்கிறது. மின்சாரம் வந்த பிறகு அந்த அறத்தைக் காப்பது கடினமாயிற்று.

பீட்டில்ஸ் குழுவினர் இந்த அறத்தைச் சிறிய இடங்களில்தான் கற்றனர். 1960 ஆகஸ்டில் அவர்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குச் சென்றபோது ஹாரிசனுக்கு வயது 17. இரவு விடுதிகளில் நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் வாசிக்க வேண்டியிருந்தது. 1961 முதல் 1963 வரை லிவர்பூலில் கேவர்ன் என்னும் நிலவறை விடுதியில் ஏறத்தாழ 290 முறை வாசித்தனர். தாழ்ந்த செங்கல் வளைவுகள், நெருக்கமான மேடை, கைநீட்டினால் தொடும் தொலைவில் தோழர். அங்கே ஒருவர் தவறினால் மற்றவர்க்கு உடனே கேட்கும். ஒருவர் புதிதாக ஒன்றை வாசித்தால் அடுத்தவர் அதற்கு உடனே விடை சொல்வார். அவர்களுடைய இசையொற்றுமை இந்த நெருக்கத்தில் விளைந்தது.

புகழ் வந்தது; இடம் பெரிதாயிற்று. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் 55,600 பேர் திரண்டனர். பேஸ்பால் ஆடும் திடலின் நடுவே, இரண்டாம் தளக்குறிக்கு அருகில் ஒரு மேடை. மக்கள் திடலுக்கு அப்பால், அடுக்கடுக்கான இருக்கைகளில். அந்நாளில் அவர்களுக்காக வாக்ஸ் நிறுவனம் 100 வாட் ஆம்ப்ளிஃபயர்களைச் செய்து கொடுத்திருந்தது. முன்பு அவர்கள் பயன்படுத்தியவை 30 வாட். மும்மடங்குக்கு மேல் ஆற்றல் என்று தோன்றும். ஆனால் செவியின் கணக்கு வேறு. ஓர் ஒலி இருமடங்காகக் கேட்க வேண்டுமானால் ஆற்றல் ஏறத்தாழ பத்து மடங்காக வேண்டும். ஆகவே 30 வாட் 100 வாட் ஆனது, கூவும் கூட்டத்தின் முன் குறிப்பிடத்தக்க உயர்வே அன்று. பாட்டுக்கு விளையாட்டரங்கின் அறிவிப்பு ஒலிபெருக்கிகளும் பயன்பட்டன. இன்னார் மட்டையெடுத்து வருகிறார் என்று அறிவிப்பதற்காக அமைத்த குழல்களின் வழியே அவர்கள் குரல் ஒலித்தது.

முதல் பாட்டு தொடங்கியது முதல் கூச்சல். அரை மணி நேரம், பன்னிரண்டு பாடல்கள், கூச்சல் ஓயவேயில்லை. பாடுவோரை நோக்கி வைத்த ஒலிபெருக்கி எதுவும் இல்லை. தம் குரல் சுருதியில் நிற்கிறதா என்று பாடியவர்க்குத் தெரியவில்லை. ஹாரிசனின் விரல் தந்தியில் எழுப்பிய சுரம் பின்னாலிருந்த பெட்டியில் பிறந்து, அவரைத் தாண்டுமுன்பே அந்தக் கடலில் அமிழ்ந்தது.

எப்படிச் சமாளித்தனர்? முதலாவதாக, கண்ணால் கேட்டனர். தாளமிசைத்த ரிங்கோ ஸ்டார், முன்னே நிற்கும் தோழரின் தலையசைவையும் உடலசைவையும் பார்த்தே பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அறிந்ததாகப் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். இரண்டாவதாக, கையின் பழக்கத்தை நம்பினர். ஹாம்பர்க்கிலும் கேவர்னிலும் ஆயிரம் முறை ஓடிய விரல், செவியின் துணையின்றியும் தன் பாதையில் ஓடியது. மூன்றாவதாக, எளிமைப்படுத்தினர். நுணுக்கமான அடிகளைக் கைவிட்டு, எல்லாரையும் ஒன்றாகக் கட்டி நிறுத்தும் அடிப்படைத் தட்டை மட்டும் பிடித்துக்கொண்டதாக ரிங்கோ சொல்கிறார். நான்காவதாக, சிரித்தனர். அன்றைய இறுதிப் பாட்டில் ஜான் லெனன் ஆர்கன் கட்டைகளை முழங்கையால் அழுத்தித் தேய்ப்பதையும், அருகில் ஹாரிசன் சிரிப்பதையும் படச்சுருள் இன்றும் காட்டுகிறது. எந்தச் சுரமும் எவர்க்கும் கேளாத இடத்தில் சரியான சுரத்துக்கும் பிழையான சுரத்துக்கும் வேறுபாடு ஏது? அந்தச் சிரிப்பில் களிப்பும் இருந்தது, கைவிடுதலும் இருந்தது.

அந்நிகழ்ச்சியின் படத்துக்காக, 1966 ஜனவரி 5 அன்று அவர்கள் இலண்டனில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்று, சில பகுதிகளை மீண்டும் பாடியும் வாசித்தும் சேர்த்தனர். திரையில் 55,600 பேர் கூவிக்கொண்டிருக்க, அவர்களுக்காக வாசிக்கப்பட்டதை, அவர்கள் எவரும் இல்லாத அமைதியான அறையில் வாசித்தவர்களே முதன்முறையாகத் தெளிவாகக் கேட்டனர்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ஷே நிகழ்ச்சி நடந்த மூன்றாம் நாள், ஆகஸ்ட் 18 அன்று, அட்லாண்டா நகர அரங்கில் வாசித்தனர். அந்நகரின் பேக்கர் ஆடியோ நிறுவனத்தார், மக்களை நோக்கி நிறுத்திய ஒலிபெருக்கிகளோடு மேடையை நோக்கித் திருப்பிய ஒலிபெருக்கிகளையும் வைத்தனர். அன்று அவர்கள் தம் குரலைக் கேட்டனர். ஒலி உரக்க இருக்கிறதே என்று பால் மெக்கார்ட்னி மேடையிலேயே வியந்து மகிழ்ந்தார். முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடிய திடலில், சில பெட்டிகளைத் திருப்பி வைத்த ஒரு சிறு செயல் செய்த மாற்றம் அது.

மேடைக்காரர் மொழியில் இதற்கு மானிட்டர் என்று பெயர். இன்று அது இல்லாத மேடை இல்லை. பாடுவோர் காலடியில் சாய்வாக வைத்த பெட்டி அதுதான். பெரிய நிகழ்ச்சிகளில் மேடையின் ஓரத்தில் ஒருவர் மிக்சர் பலகையின் முன் அமர்ந்து, மக்களுக்குப் போகும் ஒலிக்கலவையைத் தொடாமல், ஒவ்வோர் இசைஞருக்கும் தனித்தனிக் கலவை அமைத்துத் தருவார். தாளக்காரர்க்கு அடிநாதக் கிதார் மிகுதியாக வேண்டும். பாடுபவர்க்குத் தம் குரல் வேண்டும். கிதார்க்காரர்க்குத் தாளமும் பாட்டும் வேண்டும். தம் கிதார் அளவாக வேண்டும்.

அளவாக என்பதில்தான் எல்லாச் சிக்கலும் உள்ளது. தம் ஒலி கேட்கவில்லை என்றால் அதை உயர்த்தச் சொல்வது இயல்பு. ஒருவர் உயர்த்தினால் அவர் ஒலி அடுத்தவர் ஒலியை மூடும். அவரும் உயர்த்தச் சொல்வார். இப்படி நால்வரும் மாறி மாறி உயர்த்த, முடிவில் முன்னினும் பேரிரைச்சல் எழும்; ஆனால் முன்பு போலவே எவர்க்கும் எதுவும் கேளாது. இன்னும் உயர்த்தினால், மானிட்டரின் ஒலி ஒலிவாங்கிக்குள் புகுந்து மீண்டும் மானிட்டர் வழியே வந்து, சுழன்று சுழன்று பெருகி ஊளையிடும். அனுபவம் மிக்க கிதார்க்காரர் புதிய மேடையில் தம் ஒலியை உயர்த்தச் சொல்லுமுன், எதைத் தாழ்த்தலாம் என்று கேட்பார். பின்னாலிருக்கும் பெட்டியைச் சற்றே சாய்த்துத் தம் செவியை நோக்கித் திருப்புவார்; இரண்டடி தள்ளி நின்று பார்ப்பார்; தோழரோடு கண்குறிப்புகளைப் பேசி வைத்துக்கொள்வார். தாளம், பாடும் குரல், தம் கிதார் ஆகிய மூன்றும் தெளிவாகக் கேட்டால் போதும் என்று மன நிறைவு கொள்வார். தண்ணுமை ஆசிரியனுக்கு அடிகள் சொன்ன பெருக்கலும் அடக்கலும் இவைதாம்.

அட்லாண்டாவில் கிடைத்தது பீட்டில்ஸ் குழுவினர்க்குத் தொடர்ந்து கிடைக்கவில்லை. அடுத்தடுத்த ஊர்களில் பழைய நிலையே. அதே மாதம் 29, 30 ஆகிய நாட்களில் ஹாலிவுட் பௌல் அரங்கில் பதிவு செய்த நாடாவை, 1964-இல் அங்கே பதிவு செய்ததோடு சேர்த்து, 1977-இல் ஜார்ஜ் மார்ட்டின் இசைத்தட்டாக வெளியிட்டார். மேடையில் அவர்களுக்குத் தம் குரல் கேட்க வழியே இல்லை என்பதை அவரும் குறித்திருக்கிறார். இத்துணை இடர்ப்பாட்டிலும் அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று கேட்பவர் இன்று வியப்பர். வியக்கத்தக்கதே. ஆனால் ஓரிரவைக் கடக்க உதவும் திறமை, ஒரு கலையை வளர்க்க உதவுமா என்பதே இங்கு எழும் வினா.

அதற்கு விடை டோக்கியோவில் கிடைத்தது. 1966 ஜூன் 30 முதல் ஜூலை 2 வரை புடோகான் அரங்கில் ஐந்து நிகழ்ச்சிகள். 1964 ஒலிம்பிக்கில் ஜூடோ போட்டிக்காகக் கட்டிய மண்டபம் அது. காவலர் கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்தது. மக்கள் இருக்கையைவிட்டு எழவில்லை; கூச்சலும் அடங்கியிருந்தது. ஆண்டுக்கணக்காகக் கூச்சலினிடையே வாசித்தவர்களுக்கு அந்த அமைதியில் தம் ஒலி கேட்டது. கேட்டபோது சுருதி பிசகியிருந்தது. குழுவின் உடனுழைப்பாளரான நீல் ஆஸ்பினால் இதைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தாம் சுருதியில் இல்லை என்பதைத் திடீரென உணர்ந்தார்கள் என்றும், உணர்ந்தபின் திருத்திக்கொண்டு அடுத்த நிகழ்ச்சியை நன்றாக வாசித்தார்கள் என்றும் அவர் சொல்கிறார்.

அவையோர் இவ்விடத்தில் சற்றே நின்று எண்ண வேண்டும். கூச்சல் அவர்கள் செவியை மறைத்தது. அதோடு அவர்கள் பிழையையும் மறைத்தது. செவியை மறைத்ததை அவர்கள் துன்பமாக உணர்ந்தனர். பிழையை மறைத்ததை உணரவேயில்லை. இரண்டாவதுதான் பெருந்தீங்கு. தன் ஒலி கேளாதவன் முதலில் வருந்துவான், பின்பு பழகுவான், அதன்பின் கேட்க வேண்டும் என்பதையே மறப்பான். அமைதி வந்து நின்று, இதுதான் உன் சுருதி என்று காட்டும்வரை அம்மறதி அவனுக்குத் தெரியாது. அவர்கள் பெருங்கலைஞர் ஆதலால் ஒரே நாளில் திருந்தினர். எல்லார்க்கும் அது வாய்ப்பதில்லை.

அந்த ஆகஸ்ட் 5 அன்று அவர்களுடைய 'ரிவால்வர்' என்னும் இசைத்தட்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. நாடாவைத் திருப்பி ஓட்டியும் குரலை மாற்றியமைத்தும் அவர்கள் அதுவரை செய்திராத புதுமைகள் நிறைந்தது அது. அடுத்த வாரம் அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்கியது. அப்பயணத்தில் எந்த ஊரிலும் ரிவால்வரின் ஒரு பாட்டைக்கூட அவர்கள் வாசிக்கவில்லை. தாம் செய்த சிறந்த படைப்பைத் தம்மைக் காணத் திரண்ட மக்கள் முன் வைக்க இயலாத நிலை. கூடத்தில் வளர்ந்த கலைக்கும் மேடையில் நின்ற கலைக்கும் இடையே அத்துணை இடைவெளி விழுந்துவிட்டது. ஆகஸ்ட் 29 அன்று சான்பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் திடலில் சுமார் 25,000 பேர் முன் வாசித்தனர். அதுவே கட்டணம் பெற்று அவர்கள் வாசித்த கடைசிக் கச்சேரி. குழுவின் செய்தித் தொடர்பாளர் டோனி பாரோ அதை ஒரு சிறு கருவியில் பதிவு செய்தார். கடைசிப் பாட்டு முடியுமுன்பே நாடா முடிந்துவிட்டது.

மேடையை விட்ட ஹாரிசன் சென்ற இடம் எது? 1966 செப்டம்பரில் அவர் பம்பாய்க்கு வந்தார், பண்டிட் ரவிசங்கரிடம் சிதார் பயில. முந்திய ஆண்டே ஒரு பாட்டில் அவர் சிதாரைப் பயன்படுத்தியிருந்தார். முறையாகக் கற்கத் தொடங்கியது அப்போதுதான். உலகில் எந்த மேடையிலும் நின்று பெருங்கூட்டத்தை ஈர்க்கக்கூடிய 23 வயது இளைஞர், தரையில் கால்மடக்கி அமர்ந்து, மாணவராகப் பாடம் கேட்டார். சிதாரில் வாசிக்கும் தந்திகளின் அடியில் பரிவுத் தந்திகள் உள்ளன. மேல்தந்தி சரியான சுரத்தில் ஒலித்தால் மட்டுமே அவை தாமாக அதிரும். கருவியே வாசிப்பவர்க்கு நீ சரி என்றோ பிழை என்றோ சொல்லிவிடும்.

அருகில் தம்புரா. நம் இசையரங்கை அறிந்தவர்க்கு அதன் பணி தெரியும். அது பாட்டை வாசிப்பதில்லை, தாளத்தைக் காட்டுவதில்லை. பாடுவோர் எங்கே நிற்க வேண்டும் என்பதை இடைவிடாமல் அவர் செவியில் சொல்லிக்கொண்டேயிருக்கும். மின்சாரம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்திய இசை தன் கலைஞர்க்கு அமைத்துக் கொடுத்த மானிட்டர் என்று அதைச் சொன்னால் மிகையாகாது. ஹாரிசன் சிதாரில் பெருங்கலைஞர் ஆகவில்லை. ஆக முடியாது என்பதை உணர்ந்து கிதாருக்கே திரும்பினார். ஆனால் கேட்டலைத் தவமாகக் கொண்ட ஒரு மரபின் அருகில் இருந்துவிட்டு அவர் திரும்பினார் என்பது சிறிய செய்தியன்று.

1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஹாரிசன் மீண்டும் பெருமேடை ஏறினார். புயலாலும் போராலும் நலிந்த வங்கதேச மக்களுக்கு உதவ வேண்டும் என்று ரவிசங்கர் கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் கூட்டிய அரங்கு அது. இரு நிகழ்ச்சிகளிலும் சேர்த்து ஏறத்தாழ 40,000 பேர் வந்தனர். முதலில் ரவிசங்கரும் சரோத் மேதை அலி அக்பர் கானும் தபலா மேதை அல்லா ரக்காவும் அமர்ந்தனர். கமலா சக்கரவர்த்தி தம்புரா மீட்டினார். சற்று நேரம் கருவிகளைச் சுருதி சேர்த்தனர். சேர்த்து முடித்ததும் அரங்கம் கைதட்டி ஆரவாரித்தது. சுருதி சேர்த்ததற்கே இவ்வளவு மகிழ்ந்தால் வாசிப்பை இன்னும் மகிழ்வீர்கள் என்று நம்புவதாக ரவிசங்கர் நகைச்சுவையோடு சொன்னார்.

இதை மக்களின் அறியாமை என்று கூறிச் சிரிப்பதே வழக்கம். அதில் வேறொரு பொருளும் உண்டு. ஆறாண்டுகளுக்கு முன் அதே நகரில் ஒரு சுரமும் கேளாதபடி கூவிய கூட்டம் ஒன்றைக் கண்டவர் ஹாரிசன். இப்போது அவர் முன் அமர்ந்திருந்த கூட்டம், தந்தி முறுக்கும் ஒலியைக்கூடச் செவிமடுத்துக் கேட்டது. பிழைபடக் கேட்டது என்றாலும் கேட்டது. அன்றே பின்னர் அவர் தம் பாட்டொன்றை மின்கிதாரை விடுத்து மரக்கிதாரில் வாசித்தார். உடன் பீட் ஹாம் என்ற இளைஞரும் ஒரு மரக்கிதார் வாசித்தார். பக்கவாத்தியப் படை ஒதுங்கி நின்றது. பேரரங்கின் நடுவே இரண்டு மரக்கிதார்கள் தெளிவாகக் கேட்டன.

அதற்குப் பின் மேடையின் தொழில்நுட்பம் வெகுவாக வளர்ந்தது. 1974-இல் கிரேட்ஃபுல் டெட் என்னும் அமெரிக்கக் குழு, மக்கள் கேட்பதும் தாம் கேட்பதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கருதி, ஏறத்தாழ 75 டன் எடையுள்ள ஒலிபெருக்கிச் சுவரைத் தம் முதுகுக்குப் பின்னால் எழுப்பியது. கருத்து உயர்ந்தது, அதை ஊர் ஊராகச் சுமப்பது இயலாததாயிற்று. அவ்வாண்டு இறுதிக்குள் அதைக் கைவிட்டனர். 1990-களில் செவிக்குள்ளேயே பொருத்தும் மானிட்டர் பரவியது. செவியின் அச்செடுத்து அளவாகச் செய்த சிறு கருவி. பேரொலி உட்செவியின் நுண்மயிர் அணுக்களை அழித்துவிடும். அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே புற ஒலியைத் தடுத்து, வேண்டியதை அளவாகத் தரும் இக்கருவி இசைஞர்க்கு ஒரு கவசமே.

கவசத்துக்கும் குறை உண்டு. அது கலைஞரை அரங்கிலிருந்து துண்டித்துவிடுகிறது. தம் கலவை தமக்கு மட்டும் கேட்க, மக்களின் மூச்சும் சிரிப்பும் கேளாமற் போகின்றன. அதனால் மக்கள் ஒலியைப் பிடிக்கவென்றே தனி ஒலிவாங்கி வைத்து, அதையும் சிறிதளவு கலவையில் சேர்க்கிறார்கள். அன்று கூட்டம் கேட்டது, தம் ஒலி கேட்கவில்லை. இன்று தம் ஒலி கேட்கிறது, கூட்டம் கேட்கவில்லை. இரண்டையும் ஒருசேரக் கேட்பது இன்றும் ஒவ்வொரு மேடையிலும் புதிதாக ஈட்ட வேண்டிய ஒன்றாகவே இருக்கிறது. கருவிகள் அதை எளிதாக்கலாம். கலைஞருக்குப் பதிலாக அவை கேட்க முடியாது.

கவிஞர் பெருமக்களே, கிதாரின் கதை இங்கு முடிகிறது. கவியரங்குகளிலும் கைதட்டல் உண்டு. ஓரடி முடியுமுன் எழும் ஆரவாரம் உண்டு. மீண்டும் மீண்டும் கேட்கப்படும் பழைய வரிகள் உண்டு. அவற்றை வெறுக்க வேண்டியதில்லை. கலைஞருக்கு அவை உணவு. ஆனால் ஆரவாரத்தின் நடுவே கண்ணாலும் பழக்கத்தாலும் சமாளிக்கக் கற்ற கை, நுணுக்கத்தை ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே வரும். புதிதாக எழுதியதை மேடைக்குக் கொண்டுவர அஞ்சி, பழையதையே படிக்கும் நாள் வரும். கவிஞரின் ரிவால்வர் வீட்டிலேயே கிடக்கும்.

அதற்கு மருந்து, மேடையை நோக்கித் திருப்பி வைத்த ஓர் ஒலிபெருக்கி. கவிதைக்கு அத்தகைய ஒலிபெருக்கி இருபது பேர் கூடும் சிறிய அறைதான். ஒருவர் படிக்க, மற்றவர் அமைதியாகக் கேட்டு, இந்தச் சீர் தட்டுகிறது, இந்த உவமை முன்பே வந்தது என்று முகத்துக்கு நேரே சொல்லும் நட்பு. புடோகானின் அமைதி அங்கே மாதந்தோறும் கிடைக்கும். பத்தாண்டுகளாக இவ்வட்டம் தன் கவிஞர்க்குச் செய்துவரும் பணி இதுவே. பெருமேடைகள் எத்தனை வந்தாலும், தன் ஒலியைத் தனக்குக் கேட்பிக்கும் இந்தச் சிறு கூடம் நிலைத்திருக்க வேண்டும்.